மருந்தை மறிக்கும் படலம்

கரமனை ஆற்றின் படித்துறையில் இறங்கி நீராடிப் பழகியவர்கள் ஒன்றை நன்கு அறிவார்கள். வெயிலில் காய்ந்து கிடக்கும் மேற்படிகளில் சிறுவர்கள் ஓடியே இறங்கலாம். நீருக்குள் அமிழ்ந்திருக்கும் முதற்படியிலோ பெரியவர்களும் காலை அழுத்தி ஊன்ற அஞ்சுவார்கள். கல்லின்மேல் மெல்லிய வழுவழுப்பு ஒன்று படிந்திருக்கும். குடங்குடமாக நீரை வாரி வீசினாலும் அது போவதில்லை. தேங்காய் நாரையோ தென்னந்துடைப்பத்தையோ கொண்டு அழுந்தத் தேய்த்தால்தான் கல்லை விட்டு அகலும். நான்கு நாள் தேய்க்காமல் விட்டால் மீண்டும் வந்து விடும். அகத்தியர் மலைப் பக்கத்தில் தோன்றி, அருவிக்கரையில் நகரத்தார்க்குக் குடிநீர் தந்து, கோவளத்துக்கு அருகே கடலில் கலக்கும் இந்த ஆற்றின் கரையில் பல தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர்க்கு இது புதிய செய்தி அன்று.

அந்த வழுவழுப்பு ஓர் அழுக்கு மட்டுமே என்றுதான் நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அஃது எண்ணற்ற நுண்ணுயிர்கள் கூடிக் கட்டிக்கொண்ட குடியிருப்பு என்பதையும், அத்தகைய குடியிருப்பை மனித உடலுக்குள்ளும் காளான் வகை உயிர்கள் அமைத்துக் கொள்ளும் என்பதையும், சென்ற ஆண்டு எம் மாமாவின் நோய்ப்படுக்கை அருகே நின்றபோதுதான் கற்க நேர்ந்தது. நாம் மருத்துவர் அல்லோம். கலைப் பாடம் படித்து, மத்திய அரசின் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்துக் காலம் கழிப்பவர். எனினும் மருத்துவர்கள் சொன்னதை வீட்டார்க்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு நம்மீது விழுந்தது. அதற்காகப் படித்தவற்றையும் கேட்டவற்றையுமே இங்கு நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இக்குடியிருப்பை ஆங்கிலத்தில் பயோஃபிலிம் என்பர். உயிர்ப்படலம் என்று தமிழில் சொல்லலாம். கண்ணில் படர்வதும் படலம். கம்பர் காப்பியத்தின் உட்பிரிவும் படலம். பரவி மூடுவது என்ற பொருளும், பகுதி பகுதியாக வளர்வது என்ற பொருளும் ஒருங்கே அமைந்ததால் இச்சொல் நமக்குப் பிடித்திருக்கிறது. அலுவலகத்தில் இத்தனை பொருத்தமான சொல் என்றாவது ஒரு நாள்தான் கிடைக்கும்.

எளிய உதாரணத்திலிருந்து தொடங்குவோம். அக்கிரகாரத்தில் குடியிருக்கும் எம் அத்தைக்குப் பல்செட்டு உண்டு. மேல் அண்ணம் சிவந்து எரிகிறது என்று அடிக்கடி சொல்வார். பல் மருத்துவர் நிஸ்டாட்டின் என்னும் சொட்டு மருந்தை எழுதிக் கொடுப்பார். பத்து நாளில் குணமாகும். அடுத்த மாதமே எரிச்சல் திரும்பி விடும். மருந்தில் சத்து இல்லை என்பது அத்தையின் முடிவு. உண்மை வேறு. காண்டிடா என்னும் ஈஸ்ட் வகைக் காளான் அத்தையின் அண்ணத்தில் மட்டும் இல்லை. பல்செட்டின் அக்ரிலிக் பரப்பிலுள்ள நுண்துளைகளில் படலமாகக் குடியேறியிருந்தது. மருந்து அண்ணத்தைத் தூய்மை செய்தது. பல்செட்டோ நாள்தோறும் புதிய விதையைத் தூவிக் கொண்டிருந்தது. அத்தை இரவிலும் பல்செட்டைக் கழற்றுவதில்லை. அதைக் கழற்றித் துலக்கி, மருத்துவர் குறித்த கரைசலில் இரவு முழுதும் ஊற வைக்கத் தொடங்கிய பின்னரே அதே மருந்து நிலைத்த பயன் தந்தது. வேறொரு செய்தியும் அப்போது தெரிய வந்தது. வாய் கொப்பளிக்கத் தரும் குளோர்ஹெக்சிடின் நீரும் நிஸ்டாட்டினும் ஒன்றோடொன்று கூடினால் இரண்டும் பயனற்றுப் போகும். இடையே நேரம் விட்டே பயன்படுத்த வேண்டும். அத்தை இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துக் கொண்டிருந்தார்.

படலத்துக்குள் இருக்கும் உயிரை மருந்து தொடுவதில்லை என்பதை மனிதன் கண்டது இன்று நேற்றல்ல. ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லேவன்ஹூக், 1680-களில் தம் பல்லில் படிந்த ஊத்தையைத் தாமே தேய்த்த கண்ணாடி வில்லையின் வழியே நோக்கி, அதில் சிறு பிராணிகள் நெளியக் கண்டார். புளிங்காடியால் வாயைக் கொப்பளித்துப் பார்த்தபோது, ஊத்தையின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே மடிந்தன; உள்ளே இருந்தவை பிழைத்தன என்று எழுதி வைத்தார். ஆயினும் அதன் பின்னர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆய்வாளர்கள் நீரில் தனித்தனியே மிதக்கும் நுண்ணுயிர்களையே பெரிதும் ஆராய்ந்து வந்தனர். கனடாவின் கால்கரி நகரில் பணியாற்றிய காஸ்டர்டனும் அவர் தோழர்களும் 1978-இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே, ஒட்டி வாழ்வதே நுண்ணுயிரின் இயல்பான வாழ்க்கை என்ற கருத்து பரவலாயிற்று. காளான்களின் படலம் ஆய்வுக்கு வந்தது அதற்கும் பிந்தி, 1990-களில்.

காண்டிடா நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் தீங்கின்றி வாழ்வது. உடலில் பிளாஸ்டிக் குழாய் ஒன்று செருகப்படும்போது அதற்கு ஒரு படித்துறை கிடைக்கிறது. சில மணி நேரத்தில் அது குழாயின் சுவரில் ஒட்டிக் கொள்ளும். பிறகு அரும்பு விட்டுப் பெருகும். உருண்டை வடிவை விட்டு நூல் போல நீண்டு ஒன்றோடொன்று பின்னிக் கொள்ளும். பசை போன்ற பொருளைச் சுரந்து தன்னைச் சுற்றிப் பூசிக் கொள்ளும். கடுக்காயும் வெல்லமும் இட்டு இடித்த சுண்ணாம்புச் சாந்து செங்கல்லை எப்படிப் பிணைக்குமோ அப்படி அந்தப் பசை உயிரணுக்களைப் பிணைக்கிறது. இரண்டு மூன்று நாளில் கட்டடம் எழும்பி விடுகிறது. அதன் மேலடுக்கிலிருந்து சில அணுக்கள் அவ்வப்போது கழன்று இரத்தத்தில் சென்று வேறிடங்களில் தங்கும். நோயாளிக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மருந்துகளின் திறத்தைக் காண்போம். காளானுக்கு எதிரான மருந்துகள் பாக்டீரியாவுக்கு எதிரானவற்றைப் போல ஏராளமானவை அல்ல. காளானின் உயிரணு நம் உயிரணுவைப் பெரிதும் ஒத்திருப்பதால், நம்மை வருத்தாமல் அதை மட்டும் கொல்லுவது அரிது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வாளர்களான எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண்மணிகள் 1950-இல் நிஸ்டாட்டினை வெளிப்படுத்தினர். தம் மாநிலத்தின் பெயரையே அதற்கு இட்டனர். 1950-களின் நடுவில் ஆம்ஃபோடெரிசின் பி வந்தது. வெனிசுவேலா நாட்டு ஒரினாக்கோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர் தந்த மருந்து அது. நம் நாடும் வாளாவிருக்கவில்லை. புனேக்கு அருகே பிம்ப்ரியில் உள்ள இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொழிற்சாலையில் திருமலாச்சாரும் அவர் குழுவினரும் 1960-களில் ஹாமைசின் என்னும் காளான் மருந்தைக் கண்டனர். அதைத் தரும் நுண்ணுயிருக்கு அவ்வூரின் பெயரே வைக்கப்பட்டது. இம்மருந்துகள் யாவும் காளானின் மேலுறையிலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்பைப் பற்றி, உறையை ஓட்டையாக்குபவை. பின்னர் வந்த ஃபுளூகனசோல் முதலிய அசோல் இனம் அந்தக் கொழுப்பை உண்டாக்கவே விடாமல் தடுப்பது. மாத்திரையாகவும் கிடைக்கும், விலையும் குறைவு, ஆனால் காண்டிடாவைப் பெரும்பாலும் வளரவிடாமல் நிறுத்துமே தவிர நேரே கொல்லுவதில்லை. 2001-இல் காஸ்போஃபங்கினோடு வந்த எக்கினோகாண்டின் இனம், குளூக்கான் என்னும் பொருளால் ஆன வெளிச்சுவரையே கட்டவிடாமல் செய்வது.

இவை தனித்து மிதக்கும் காளானிடம் காட்டும் வலிமையைப் படலத்திடம் காட்டுவதில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஹாசர், டக்ளஸ் என்னும் இருவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. கதீட்டர்க் குழாயின் சிறு வட்டுகளில் காண்டிடா படலத்தை வளர்த்து, ஐந்து மருந்துகளைச் சோதித்தார்கள். படலத்தின் இயக்கத்தைப் பாதியளவு குறைப்பதற்கே, மிதக்கும் காளானுக்குத் தேவைப்பட்டதைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு மருந்து வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடங்கள் வழக்கமாகக் குறிக்கும் தடுப்பளவோடு ஒப்பிட்டால் 30 முதல் 2000 மடங்கு வரை தேவைப்பட்டது. இரண்டாயிரம் மடங்கு மருந்தை எந்த மனித உடல் தாங்கும்?

ஏன் இந்த வேற்றுமை? ஒரே காரணம் இல்லை. அந்தப் பசையே மருந்தைப் பிடித்து நிறுத்திக் கொள்கிறது. அதிலுள்ள குளூக்கான் ஃபுளூகனசோலைப் பற்றிக் கொண்டு உள்ளே போகவிடாமல் செய்வதை விஸ்கான்சின் ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினர். படலத்தின் தொடக்க நாட்களில் காளான், உட்புகுந்த மருந்தை இறைத்து வெளியேற்றும் ஏற்றங்களை மிகுதியாக இயக்குகிறது. கட்டடம் முதிர்ந்த பின்னர் அதன் மேலுறையிலுள்ள கொழுப்பின் அளவும் மாறி விடுவதால், அதைக் குறிவைத்த மருந்து இலக்குத் தவறுகிறது. இவற்றுக்கும் மேலாக, அடித்தளத்தில் சில அணுக்கள் உறங்குவது போலச் செயலற்றுக் கிடக்கும். வளராதவற்றை வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து என்ன செய்ய இயலும்? மருந்து நின்றதும் அவை விழித்து மீண்டும் கட்டத் தொடங்கும். அத்தகைய உறங்கணுக்கள் காண்டிடா படலத்தில் இருப்பதைப் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2006-இல் எடுத்துக் காட்டினர்.

எல்லா மருந்தும் தோற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிளீவ்லாந்து நகரில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், அசோல்கள் படலத்திடம் தோற்றன. எக்கினோகாண்டின்களும், கொழுப்புறையில் பொதிந்த ஆம்ஃபோடெரிசினும் வென்றன. எக்கினோகாண்டின் தாக்கும் குளூக்கானே பசையிலும் கலந்திருப்பது இதற்கு ஒரு காரணம் எனக் கருதுகின்றனர். கொழுப்புறை ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைப் பழைய வடிவத்தைவிடக் குறைவாகவே வருத்தும், விலையோ மிகுதி. 2021-இல் கருங்காளான் நோய் பரவியபோது அம்மருந்துக்காக நாடெங்கும் மக்கள் அலைந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி மாமாவின் செய்திக்கு வருவோம். எழுபது கடந்தவர். குடலில் அறுவை சிகிச்சை முடிந்து, கழுத்துச் சிரை வழியே செருகிய குழாயின் மூலம் உணவு நீர் ஏற்றப்பட்டு, நகரத்து மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். ஒன்பதாம் நாள் காய்ச்சல் கண்டது. இரத்தப் பரிசோதனையில் காண்டிடா டிராபிகாலிஸ் என்று வந்தது. ஃபுளூகனசோல் கேட்கும் என்றும் அந்தச் சீட்டில் இருந்தது. மருந்து ஏற்றினார்கள். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. குழாயை எடுத்துவிட்டு வேறிடத்தில் புதிதாகப் போட வேண்டும், மருந்தையும் மாற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

மாமாவின் ஒரே மகன் புனேயில் பணியில் இருப்பவன். இசைவு அவனிடம் தொலைபேசியில் கேட்கப்பட்டது. மலையாளமும் ஆங்கிலமும் கலந்து மருத்துவர் சொன்னதில் பாதி அவனுக்கு விளங்கவில்லை. "சீட்டிலேயே மருந்து கேட்கும்னு போட்டிருக்கே மாமா, அப்புறம் எதுக்கு அப்பாவை மறுபடியும் குத்தணும்? சிரையே கிடைக்கலைன்னு முதல் தடவை ரெண்டு மணி நேரம் பாடுபட்டாளே" என்று நம்மிடம் கேட்டான். நாமும் அப்போது அவ்வாறே எண்ணினோம். நோயாளி படும் வேதனையைக் கண்ணால் பார்த்தவர்கள் நாமல்லவா? இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று சொன்னது நாமே. மருத்துவர்கள் வற்புறுத்தினர், நாம் தாமதித்தோம்.

அந்தச் சீட்டு பொய் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் மருந்தைச் சோதிப்பது மிதக்கும் காளானின்மீது. அந்தக் காளான் ஃபுளூகனசோலுக்கு அடங்குவது உண்மையே. குழாயின் உட்சுவரில் கட்டடம் கட்டிக் குடியிருந்த அதன் சுற்றத்தைப் பற்றி அந்தச் சீட்டு ஒன்றும் சொல்லுவதில்லை. இரத்தத்தில் மிதந்தவற்றை மருந்து அடக்க அடக்க, குழாய் புதியவற்றை அனுப்பிக் கொண்டே இருந்தது. அத்தையின் பல்செட்டும் மாமாவின் குழாயும் ஒன்றே என்பது நமக்கு விளங்கியபோது ஐந்து நாள் கழிந்திருந்தது. குழாயை எடுத்தார்கள், எக்கினோகாண்டின் மருந்து ஏற்றினார்கள், இரண்டாம் நாள் காய்ச்சல் தணிந்தது.

இதற்கிடையே கழன்று சென்ற சில அணுக்கள் இடக்கண்ணின் விழித்திரையில் தங்கி விட்டன. இரத்தத்தில் காண்டிடா கண்டால் கண்ணையும் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் நெறி. அவ்வாறு பரிசோதித்ததால்தான் அது தெரிய வந்தது. இங்கே ஒரு விந்தை. படலத்தை வென்ற எக்கினோகாண்டின் கண்ணுக்குள் சரிவரப் புகுவதில்லை. சிறுநீரிலும் போதிய அளவு சேர்வதில்லை. குழாயிடம் தோற்ற ஃபுளூகனசோலோ கண்ணுக்குள் நன்றாகவே செல்லும். ஆகவே ஒதுக்கி வைத்த மருந்தையே மீண்டும் எடுத்து ஆறு வாரம் கொடுத்தார்கள். எந்த மருந்து சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த இடத்தில், எதன்மேல் ஒட்டியிருக்கும் காளானுக்கு என்று கேட்பதே பொருத்தம் என்று அந்த இளம் மருத்துவர் சொன்னார். கேட்பதற்கு எளிது. ஐந்து நாள் முன்பு நமக்குத் தெரியவில்லையே என்ற எண்ணம் இன்றும் மாறவில்லை.

மாமாவின் நோய் அரிதானதும் அன்று. சண்டிகரைச் சேர்ந்த அருணாலோக் சக்ரவர்த்தி முதலியோர் இந்தியாவின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2011-12 ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வில், 1400 பேருக்கு இரத்தக் காண்டிடா நோய் கண்டறியப்பட்டது. சேர்க்கப்பட்ட ஆயிரம் பேருக்கு ஆறு அல்லது ஏழு பேர் என்பது கணக்கு. சேர்ந்து எட்டு நாள் அளவில் நோய் தோன்றுவதே மிகுதி. மேலைநாடுகளில் காண்டிடா ஆல்பிகன்ஸ் முதலிடம் பெற, நம் நாட்டில் பத்தில் நான்கு பேரிடம் டிராபிகாலிஸ் இருந்தது; அது தடித்த படலம் கட்டுவதில் வல்லது. 2009-இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட காண்டிடா ஆரிஸ் பின்னர் தில்லி மருத்துவமனைகளிலும் தென்பட்டது. ஃபுளூகனசோலுக்குப் பெரும்பாலும் அடங்காத அது கட்டிலின் கம்பியிலும் பலநாள் உயிரோடிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட காளான் பட்டியலில் மிகக் கொடியவை என்ற முதல் வரிசையில் அதுவும் ஆல்பிகன்ஸும் இடம் பெற்றன.

குழாயை எடுத்துவிடலாம். எடுக்க முடியாத பொருளில் படலம் படிந்தால் என் செய்வது? கரமனைக்கு அண்டையிலுள்ள பூஜப்புரையில், பழைய சாட்டல்மாண்ட் அரண்மனையில், ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. நம் நாட்டிலேயே உருவான செயற்கை இதய வால்வு அங்குதான் வல்லியத்தான் அவர்களின் தலைமையில் பிறந்தது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் இலட்சம் பேருக்கு மேல் அதனால் வாழ்வு பெற்றனர். எந்நாட்டில் செய்த செயற்கை வால்வாயினும் அதில் காளான் படலம் படிவது அரிது. படிந்தாலோ மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. வால்வையே மாற்றி, கொழுப்புறை ஆம்ஃபோடெரிசினையோ எக்கினோகாண்டினையோ வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும் என்பதே நடைமுறை. மறுபடியும் அறுவையைத் தாங்காத உடலாயின், படலம் ஒழியாது என்று அறிந்தே, அதை அடக்கி வைப்பதற்காக ஃபுளூகனசோலை ஆண்டுக்கணக்கில் கொடுத்து வருவர். காச நோய் ஆறிய நுரையீரல் குழிகளில் ஆஸ்பர்ஜில்லஸ் காளான் பந்து போலத் திரண்டு கொள்வதும் இவ்வகையே. மருந்து அதன் உட்புறத்தை எட்டுவதில்லை.

எடுக்கவே முடியாத குழாயாயின், அதன் உட்குழலில் சாராயச் சத்தையோ செறிவான மருந்தையோ நிரப்பிச் சில மணி நேரம் பூட்டி வைக்கும் முறையும் உண்டு. சிலருக்குப் பலித்திருக்கிறது, குழாயை எடுப்பதற்கு அஃது ஈடாகாது. புதிய மருந்துகளும் வந்துள்ளன. வாரம் ஒரு முறை ஏற்றினால் போதும் என்ற ரெசாஃபங்கின் 2023-இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. படலத்தை ஒட்டவே விடாத பூச்சுகளைக் குழாயில் பூசும் ஆய்வுகளும் பல இடங்களில் நடைபெறுகின்றன.

மாமா வீடு திரும்பி விட்டார். இடக்கண்ணின் நடுவில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று நிலையாக நிற்கிறது என்கிறார். நாளிதழை வலக்கண்ணால் படிக்கிறார். மகன் விடுமுறையில் வந்திருந்தபோது இருவரும் ஆற்றுப் படித்துறைக்குப் போனார்கள். முதற்படியில் மாமா கால் வைக்குமுன் மகன் குனிந்து, கையோடு கொண்டு வந்திருந்த துடைப்பத்தால் அந்தக் கல்லைத் தேய்த்துக் கொண்டிருந்ததை நாம் கரையில் நின்று பார்த்தோம்.